வண்டிக்குப் போர்வை வேண்டுமா?

நம் சங்கத்துப் பெரியவர் ஒருவர் சென்ற மாதம் ரயில் நிலையத்திற்கு வந்தபோது என்னைச் சற்று ஓரமாக அழைத்தார். ஏதோ பயணச்சீட்டு விஷயமாக இருக்கும் என்று எண்ணிச் சென்றேன். அவர் கேட்டது வேறு. அவருடைய மூத்த மகன் துபாயில் வேலை பார்க்கிறான். விடுமுறையில் வந்தபோது பழைய வேன் ஒன்றை வாங்கினான். குடும்பத்தார் எல்லாரும் அதில் ஏறி ஒரு முறை வேளாங்கண்ணிக்கும், ஒரு முறை ஏற்காட்டிற்கும் போய் வந்தார்கள். மகன் திரும்பிப் போய்விட்டான். இனி அவன் வரப் பத்து மாதமாகும். அதுவரை வேன் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

"தம்பி, ஒரு கவர் வாங்கிப் போர்த்தி வைக்கலாமா, இல்லை அப்படியே விட்டுவிடலாமா? கடைக்காரர் போர்த்துங்கள் என்கிறார். வேன் ஓட்டுகிற பையன் வேண்டவே வேண்டாம் என்கிறான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்றார்.

நான் உடனே விடை சொல்லவில்லை. அடுத்த இதழில் எழுதுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அதற்குக் காரணம் உண்டு, பின்னர்ச் சொல்கிறேன்.

இது ஒரு வீட்டாரின் வினா அன்று. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்படும்வரை நம் ஊராருக்கு வேலை வாசற்படியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. சங்கு ஊதியதும் நடந்து போனார்கள். ஷிப்டு முடிந்ததும் நடந்து வந்தார்கள். அப்போது வண்டி வைத்திருந்தவரை விரல் விட்டு எண்ணலாம். இன்று வேலை பெங்களூரில் இருக்கின்றது, வளைகுடா நாடுகளில் இருக்கின்றது, இன்னும் எங்கெங்கோ இருக்கின்றது. சம்பாதிப்பவர் அங்கே, அவர் சம்பாத்தியத்தில் வாங்கிய வண்டி இங்கே. ஓட்டுவாரின்றி வாசலில் ஒரு வண்டி நிற்காத தெரு நம் மாரிகுப்பத்தில் குறைவு. ஆண்டுக்கு இரண்டு பயணம், மற்ற நாளெல்லாம் நிற்றல் என்பதே அவ்வண்டிகளின் வாழ்க்கை.

இனி என் கதை. என் அண்ணன் சார்ஜாவில் இருக்கிறார். 2020ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் புறப்பட்டபோது தம் வேனின் சாவியை என் கையில் கொடுத்து, "தம்பி, நீ பார்த்துக்கொள். பத்தே மாதம்" என்றார். அந்த வேன் அவருடைய ஆறு வருஷச் சேமிப்பு. நான் பொறுப்புள்ளவன் என்று காட்டிக்கொள்ள விரும்பினேன். மறுநாளே ராபர்ட்சன்பேட்டைக்குப் போய், கெட்டியான நீல நிறப் பிளாஸ்டிக் உறை ஒன்று வாங்கிவந்து, வண்டியின் தலை முதல் கால் வரை மூடி, நைலான் கயிற்றால் நான்கு புறமும் கட்டினேன். புகைப்படம் எடுத்து அண்ணனுக்கும் அனுப்பினேன். அவர் மகிழ்ந்து பதில் எழுதினார்.

மார்ச் மாதம் ஊரடங்கு வந்தது. விமானங்கள் நின்றன. பத்து மாதம் இருபது மாதமாயிற்று. 2021 செப்டம்பரில் அண்ணன் வந்து சேர்ந்தார். வந்த மறுநாள் காலை இருவரும் கயிற்றை அவிழ்த்து உறையை உருவினோம். முதலில் வந்தது பூசண நாற்றம். உறையின் உட்புறம் முழுவதும் நீர் முத்து முத்தாய் நின்றது. கூரையின் ஓரங்களிலும், கயிறு இறுகிய இடங்களிலும் வண்ணம் பளபளப்பு இழந்து சாம்பல் பூத்திருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் நூல் நூலாய்க் கீறல்கள். கதவுகளின் அடிப்புறம் துருவேறி உப்பியிருந்தது. எஞ்சின் மூடியைத் திறந்தால் அங்கே எலி ஒன்று தேங்காய் நாரும் கிழிந்த துணியும் கொண்டு வீடு கட்டிக் குடித்தனம் நடத்தியிருந்தது. கம்பிகளைக் கடித்துத் தின்றிருந்தது.

அண்ணன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் என் மனம் ஆறியிருக்கும். அண்ணி மட்டும், "நீங்களும் கஷ்டப்பட்டுத்தானே மூடி வைத்தீர்கள், கொழுந்தனாரே" என்றார். அது எனக்கு இன்னும் சுட்டது. பழுதுபார்க்க ஆன செலவில் ஒரு பங்கேனும் தருகிறேன் என்றேன். அண்ணன் வாங்க மறுத்தார். அடுத்த முறை அவர் புறப்பட்டபோது சாவியை அண்ணியின் தம்பி வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். நான் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை.

அதன் பின்னர்தான் இவ்விஷயத்தைப் பற்றிக் கேட்கவும் படிக்கவும் தொடங்கினேன். ராபர்ட்சன்பேட்டையில் வண்டி பழுதுபார்க்கும் முதியவர் ஒருவர், நான் கொண்டுபோன உறையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதைப் போட்டு வண்டியைத் தேய்த்திருக்கிறாய்" என்றார். மூடியதைத் தேய்த்தது என்கிறாரே என்று முதலில் எனக்கு விளங்கவில்லை.

விளங்க வேண்டுமாயின் நம் ஊர்ப் புழுதியின் பிறப்பை அறிய வேண்டும். நம் சுரங்கத்தில் பொன் தனியே கிடைக்கவில்லை. அது வெண்கல் எனப்படும் குவார்ட்ஸ் பாறையின் நரம்புகளில் கலந்திருந்தது. அக்கல்லை மேலே கொண்டுவந்து, மில்லில் மாவாக இடித்து, சயனைடு கலந்த நீரில் பொன்னைக் கரைத்தெடுத்து, எஞ்சிய சேற்றைக் கொட்டினார்கள். நூறாண்டுக்கு மேல் கொட்டியதால் எழுந்தவையே நாம் சயனைடு மேடு என்று சொல்லும் சாம்பல் நிறக் குன்றுகள். 13 மேடுகளில் ஏறத்தாழ 3 கோடியே 30 லட்சம் டன் இருப்பதாக அரசாங்கக் கணக்கு. அவற்றில் மிஞ்சியுள்ள பொன்னுக்காக அவற்றை ஏலம் விடும் மத்திய அரசின் யோசனைக்கு 2024ஆம் ஆண்டில் கர்நாடக அரசு இசைவு தந்தது. ஏலம் ஒருபுறம் இருக்கட்டும். ஆடிக் காற்று எழுந்ததும் அம்மேடுகளின் மேற்புறம் புகையாய்க் கிளம்பி நம் வீட்டுக்குள்ளும், குடத்து நீரிலும், வாசலில் நிற்கும் வண்டியிலும் படிவதை நாம் அறிவோம்.

இப்பொடி வயற்காட்டு மண்ணைப் போன்றது அன்று. மோஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1812ஆம் ஆண்டில் கனிமங்களின் கடினத்தன்மைக்கு 1 முதல் 10 வரை ஓர் அளவுகோல் வகுத்தார். அதில் வைரம் 10, குவார்ட்ஸ் 7. ஜன்னல் கண்ணாடி ஏறக்குறைய ஐந்தரைதான். ஆதலால் நம் ஊர்ப் புழுதி கண்ணாடியையே கீறவல்லது. வண்டியின் வண்ணப்பூச்சோ கண்ணாடியைவிட மிகவும் மென்மையானது. புழுதி படிந்த வண்டியின்மேல் நான் கழுவாமல் உறையைப் போட்டேன். போட்ட பின்னும் அடிப்புறத் திறப்பு வழியாகப் பொடி உள்ளே போய்க்கொண்டே இருந்தது. காற்றில் உறை நாள்தோறும் படபடவென்று அடித்துக்கொண்டது. இருபது மாதம் உப்புத்தாள் கொண்டு தேய்த்ததற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? கயிறு இறுகிய இடத்தில் கீறல் அதிகமாக இருந்ததன் காரணமும் அப்போது தெரிந்தது.

அடுத்தது ஈரம். இட்லிக் குண்டானின் மூடியைத் திருப்பிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. என் வீட்டு வாசல் வெறும் மண். மழைக்காலத்தில் குடித்த நீரை அம்மண் பகல் வெயிலில் ஆவியாக விடுகின்றது. பிளாஸ்டிக் உறை அவ்வாவியை வெளியே போக விடுவதில்லை. நம் ஊர் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் இருக்கின்றது. மார்கழி இரவின் குளிர் சொல்ல வேண்டா. இரவில் உறை குளிர்ந்ததும் உள்ளிருக்கும் ஆவி நீராகி வண்டியின்மேல் சொட்டுகிறது. மேலிருந்து வரும் மழையைத் தடுத்தேன் என்று மகிழ்ந்தேனே ஒழிய, கீழிருந்து ஏறும் மழையை உள்ளேயே பிடித்து வைத்தேன் என்பதை உணரவில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைக் கடந்தால் இரும்பு துருப்பிடிக்கும் வேகம் சட்டென்று மிகும் என்று வெர்னன் என்னும் ஆங்கிலேய வேதியியல் அறிஞர் 1930களில் கண்டு சொன்னார். மழையில் நனைந்த வண்டி வெயில் வந்ததும் காய்ந்துவிடும். உறைக்குள் நின்ற வண்டி காயவே இல்லை.

இதில் எனக்கு வெட்கம் தருவது ஒன்று உண்டு. நான் சில காலம் சரக்குக் கொட்டகையில் வேலை பார்த்தவன். சிமெண்டு மூட்டையும் தானிய மூட்டையும் அடுக்கும்போது முதலில் கீழே மரக்கட்டைகளைப் பரப்புவார்கள், அதன்மேல் மூட்டை, அதன்மேல் தார்ப்பாய். கட்டை போடாமல் அடுக்கினால் எத்தனை தார்ப்பாய் போட்டாலும் அடிமூட்டை கெட்டுப்போகும் என்பது அங்குள்ள கூலியாள் ஒவ்வொருவருக்கும் தெரியும். இந்திய உணவுக் கழகம் 1965ஆம் ஆண்டில் தஞ்சாவூரில் தன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் திறந்தது. அக்கழகத்தார் கிடங்கில் இடம் போதாதபோது திறந்த வெளியிலேயே தானியத்தை வைக்கும் முறை ஒன்றைக் கையாள்கின்றனர். மேடையும் மூடியும் என்று அதற்குப் பெயர் சொல்லலாம். உயர்ந்த மேடை, மேடைமேல் மரச்சட்டங்கள், அவற்றின்மேல் மூட்டைகள், எல்லாவற்றுக்கும் மேலே கறுப்புப் பாலிதீன் உறை. அத்தோடு வேலை முடிவதில்லை. வானம் வெளுத்த நாளில் உறையைத் தூக்கிக் காற்றாட விட வேண்டும் என்பது அம்முறையின் உயிர். இவ்வளவும் தெரிந்த நான் வாசலில் நின்ற வேனுக்கு மேடையும் அமைக்கவில்லை. உறையைத் தூக்கவும் இல்லை.

தூக்கவில்லை என்பதைச் சற்று விளக்கிச் சொல்ல வேண்டும். உறை போடாமல் இருந்திருந்தால் நாள்தோறும் வேலைக்குப் போகும்போது வண்டி என் கண்ணில் பட்டிருக்கும். டயரில் காற்று இறங்கியதைப் பார்த்திருப்பேன். எலி ஓடியதைப் பார்த்திருப்பேன். தூசி அதிகமானால் ஒரு குடம் தண்ணீராவது ஊற்றியிருப்பேன். மூடிக் கட்டிய அன்றே என் கடமை முடிந்தது என்று மனம் அமைதி கொண்டுவிட்டது. இருபது மாதமும் நான் பார்த்தது நீலத் துணியைத்தான். எலியும் கீறலும் துருவும் அதற்குப் பிறகு வந்தவை.

நம் முன்னோர்க்கும் ஆண்டில் ஒரு நாள் ஓடி மற்ற நாளெல்லாம் நிற்கும் வண்டி ஒன்று இருந்தது. தேரைச் சொல்கிறேன். திருவாரூர்த் தேர் 1926இல் தீக்கிரையாகி, 1930இல் புதிதாகச் செய்யப்பெற்று, 1948க்குப் பின் நிலையிலேயே நின்று, 1970இல் மீண்டும் ஓடியது. இருபது ஆண்டுக்கு மேல் நின்ற மர வண்டி! தேரை வைத்துக் காக்கும் ஊர்களில் அதற்குச் செய்வது என்ன என்று கவனித்திருக்கிறீர்களா? கீற்றாலோ தகரத்தாலோ கொட்டகை போடுகின்றனர். கொட்டகைக்கும் தேருக்கும் நடுவே காற்று உலவ இடம் இருக்கின்றது. உடலை ஒட்டிச் சீலை கட்டுவது ஓடும் நாளில் அழகுக்காகத்தான். எங்கள் ரயில் பெட்டிகளுக்கு யாரும் போர்வை போர்த்துவதில்லையே என்று சிலர் கேட்கக்கூடும். அவை ஓடிக்கொண்டே இருக்கின்றன, கழுவுவாரும் உண்டு. நிற்கிற வண்டிக்கு ஓடுகிற வண்டியை உவமை கூறலாகாது.

ஆகவே என் அபிப்பிராயம் இது. கூரை போட இடமிருந்தால் கூரையே போடுங்கள். நான்கு கம்பமும் சில தகரத் தகடும் போதும். பக்கங்கள் திறந்திருப்பதே நல்லது. அதன் கீழ் நிற்கும் வண்டிக்கு உறை வேண்டுவதில்லை. தூசிக்கு வேண்டுமானால் பழைய பருத்திப் புடவை ஒன்றை, அதுவும் கழுவிய வண்டியின்மேல், போட்டுக்கொள்ளலாம். ஆனால் நம் லைன் வீடுகளில் கூரைக்கு இடம் ஏது? வண்டி தெருவைப் பார்த்து நிற்கின்றது. சிலர் வீட்டில் புங்க மரத்தடியில் நிற்கின்றது. மரத்தடி நிழல் நல்லதுதான். எனினும் பறவை எச்சமும் மரப் பிசினும் நாள் செல்லச் செல்ல வண்ணத்தைத் தின்றுவிடும். நிழலே இல்லாத இடத்தில் வெயில் டயரையும், கண்ணாடி துடைக்கும் ரப்பரையும், உள்ளிருக்கும் பிளாஸ்டிக்கையும் வெடிக்கச் செய்கிறது. இவ்விரண்டு இடத்திலும் உறைக்கு வேலை உண்டு. அதை நான் மறுக்கவில்லை.

வாங்குவதானால் காற்று ஊடுருவும் உறையாகப் பார்த்து வாங்க வேண்டும். வாயருகே வைத்து ஊதினால் மறுபுறம் சிறிதேனும் மூச்சு தெரிய வேண்டும் என்று அந்தப் பழுதுபார்க்கும் பெரியவர் சொன்னார், எளிய சோதனைதான். நீல நிறப் பிளாஸ்டிக் பாய் ஒன்றிரண்டு கோடையிலேயே வெயிலில் நைந்து நார் நாராய்ப் போய்விடும். அதை விறகின்மேல் போடலாம், வண்டியின்மேல் வேண்டா. வண்டியின் அளவுக்கு ஒட்டியதாகவும், அடியில் இழுவை நாடாவும் வயிற்றுப் பகுதியில் வார்ப்பட்டையும் உள்ளதாகவும் இருப்பது நலம். தொளதொளவென்று இருப்பது காற்றில் அடித்துக்கொள்ளும். போடுவதற்கு முன் தாராளமாக நீர் ஊற்றிக் கழுவ வேண்டும். உலர்ந்த துணியால் புழுதியைத் துடைப்பவர் என் தவற்றையே வேறு வகையில் செய்கிறவர். கழுவியபின் ஒரு முழுப்பகல் வெயிலில் காய விட வேண்டும். நான்கு சக்கரத்தின் கீழும் கற்பலகை போட்டு, வண்டியின் அடிமண்ணில் ஜல்லி பரப்பினால் பாதி ஈரம் குறையும்.

வண்டிக்குள் குழந்தைகள் சிந்திய பிஸ்கட்டுத் துகளைப் பெருக்கி எடுத்துவிடுங்கள். எலிக்கு அதுவே முதல் அழைப்பு. பாட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி வைக்க வேண்டும். கை பிரேக்கைப் பல மாதம் இழுத்துவிட்டால் பிரேக் ஒட்டிக்கொள்ளும். சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்து அதை விடுவித்துவிடலாம். டீசல் வண்டியானால் தொட்டியை நிரப்பி வைப்பது நல்லது; காலியான தொட்டியில்தான் நீராவி படியும். சிலர் வாரம் ஒரு முறை இரண்டு நிமிஷம் எஞ்சினை ஓட்டி நிறுத்திவிட்டு நன்மை செய்ததாக எண்ணுகின்றனர். எஞ்சின் சூடேறுமுன் நிறுத்தினால் புகைக்குழாயில் உண்டான நீர் அங்கேயே தங்கிவிடும். மாதம் ஒரு முறையாயினும் பங்காரப்பேட்டை வரை ஓட்டிப்போய் வருவது மேல். இன்சூரன்ஸ் தேதியை நாட்காட்டியில் குறித்து வைத்த பிறகு சாவியைத் தொடுங்கள்.

நிலையத்தில் இரு சக்கர வண்டியை விட்டு நாள்தோறும் பெங்களூர் போய் வருகிறவர்கள் இந்தக் கவலையெல்லாம் படவேண்டா. மாலையில் எடுக்கும் வண்டிக்கு இருக்கையின்மேல் ஒரு துணி போதும்.

பெரியவரிடம் சென்ற ஞாயிறு நேரில் போய் இவற்றைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "எல்லாம் சரி தம்பி, வாரா வாரம் இதை யார் தூக்கிப் பார்ப்பது? எனக்கோ முழங்கால் வலி" என்றார். அதுதான் சரியான கேள்வி என்றேன். தூக்கிப் பார்க்க ஆள் இல்லையென்றால் உறை வாங்க வேண்டா. வெயிலும் மழையும் படட்டும், கழுவி வண்ணம் பூசிக்கொள்ளலாம். துருவேறிய அடித்தகட்டை மாற்றுவது எளிதன்று என்றேன். எதிர்வீட்டுப் பையன் கல்லூரியில் படிக்கிறான். அவனிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். அவன் ஒப்புக்கொண்டால் காற்று ஊடுருவும் உறை. இல்லையேல் வெறும் வானம் என்று முடிவாயிற்று. மகனுக்கும் இதைச் சொல்லிவிடுங்கள், புகைப்படம் மட்டும் அனுப்பாதீர்கள் என்றும் சொல்லி வந்தேன்.

அண்ணன் இவ்வாண்டு பொங்கலுக்கு வந்திருந்தார். திரும்பும்போது வழியனுப்பப் பங்காரப்பேட்டை வரை போனேன். வண்டி வந்து பெட்டி சாமான்களை ஏற்றியபின், சட்டைப் பையிலிருந்து வேன் சாவியை எடுத்து என் கையில் வைத்தார். "கொழுந்தியார் வீட்டில் இடம் இல்லையாம்" என்றார். அங்கே இடம் நிறைய உண்டு என்பது எனக்குத் தெரியும். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது வேன் என் வாசலில் கற்பலகைமேல் நிற்கின்றது. சாம்பல் நிற உறை ஒன்று போட்டிருக்கிறேன். சனிக்கிழமைதோறும் உறையைத் தூக்கி, கதவுகளைத் திறந்து வைத்து, எஞ்சின் மூடியின் கீழ் விளக்கடித்துப் பார்க்கிறேன். சென்ற சனிக்கிழமை முழுவதும் தூறல். நாளை வெயில் அடித்தால் தூக்க வேண்டும்.